பேட்டரி கோங்

எங்கள் வீட்டுக் கஞ்சில் ஐந்து மாதம் போர்ச்சில் அசையாமல் நின்றதற்குக் காரணம் நான்தான். அம்மாவுக்கு மட்டும் தெரியும். தம்பிக்குக்கூடச் சொல்லவில்லை. ஜொகூர் பாருவிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் “அப்பா காடி என்னாச்சுக்கா?” என்பான். “பேட்டரி கோங்” என்பேன். அதற்குமேல் அவன் எதுவும் கேட்டதில்லை. இந்த நாட்டில் ‘கோங்’ என்ற சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது. மலாய்க்காரர், சீனர், தமிழர் யாராக இருந்தாலும் கோங் என்றால் முடிந்தது, தூக்கிப் போடு என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எவ்வளவு வசதி என்று எனக்கு அந்த ஐந்து மாதத்தில் தெரிந்தது.

புக்கிட் மெர்தாஜாமில் அல்மா பக்கம் எங்கள் தாமான். போர்ச்சில் நின்று பார்த்தால் மலை தெரியும். அப்பா முப்பத்தோரு வருஷம் லோரி ஓட்டினார். பிறையிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு ஈப்போ, கிள்ளான், சில நேரம் தெற்கே ஜொகூர் வரைக்கும். வேலையை விட்ட பிறகு அவருக்கென்று மிஞ்சியது இந்தக் கஞ்சில்தான். 850 சிசி, ஆட்டோ கியர், 2003ஆம் வருஷக் காடி. உண்மையில் அம்மா ஓட்டட்டும் என்று வாங்கியது. அதனால்தான் ஆட்டோ. அம்மா லைசன்ஸ் வகுப்பில் மேட்டுப் பரீட்சையோடு திரும்பி வந்துவிட்டார். மறுபடி போகவேயில்லை.

இளைய வாசகர்களில் சிலர் கஞ்சிலை ரோட்டில் பார்த்திருப்பீர்களே தவிர உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். பெரோடுவா கம்பெனியின் முதல் காடி அது. 1994 ஆகஸ்டில் வந்தது. ஜப்பானின் டைஹாட்சு மீராவைத்தான் பெயர் மாற்றிக் கொண்டுவந்தார்கள். 2009இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். கஞ்சில் என்றால் மலாயில் சருகுமான். மலாய்ப் பிள்ளைகளின் கதைகளில் முதலையையும் புலியையும் ஏமாற்றிவிட்டு ஓடுகிற அந்தக் குட்டி மிருகம். தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு முதல் காடி இதுதான் என்று கணக்கெடுத்தால் ஒரு சமூக வரலாறே எழுதலாம். எங்கள் சொந்தத்தில் மட்டும் ஆறு கஞ்சில் இருந்தது. கல்யாணத்துக்குப் போனால் வாசலில் வரிசையாக நிற்கும், யாருடையது எது என்று பிளேட் நம்பரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

போன வருஷம் ஜூன் மாதம் அப்பாவுக்கு ஒரு மைல்ட் ஸ்ட்ரோக். காலையில் பசியாற உட்கார்ந்தவர் இடது கையிலிருந்த ரொட்டியைக் கீழே போட்டார். எடுக்க முயன்று மறுபடியும் போட்டார். நல்ல வேளை, அன்றைக்கு நான் லீவு. நாலு நாள் வார்டில் இருந்தார். பேச்சு திரும்பிவிட்டது. கை முக்கால்வாசி திரும்பியது. வெளியே அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார்: மறுபடி நாங்கள் பார்த்துச் சொல்கிற வரைக்கும் காடி ஓட்டக் கூடாது. அப்பா பவ்யமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். போலீஸ்காரர் ரோட் பிளாக்கில் நிறுத்தி அறிவுரை சொல்லும்போது லோரி டிரைவர்கள் ஆட்டுகிற தலையாட்டல் அது.

மூன்றாவது வாரம் நான் பாயான் லெப்பாஸ் வேலையிலிருந்து பாலம் தாண்டி வீடு வந்து சேர்ந்தபோது கஞ்சிலின் பானெட் சூடாக இருந்தது. இடது பக்கக் கதவில் ஒரு நீளக் கீறல். எங்கள் கேட் தூணில் அதே சிவப்புப் பெயிண்ட். “பாசாருக்குத்தான் போனாரு, மீன் வாங்கியாந்தாரு” என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். ஸ்ட்ரோக் வந்தது அவருக்கு இடது பக்கம். அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அவர் மூளை இன்னும் சரியாக அளக்கவில்லை. அந்தத் தூண் இருந்த இடத்தில் பக்கத்து வீட்டுப் பொடியன் சைக்கிளோடு நின்றிருந்தால் என்ற நினைப்பு வந்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது.

சாவியை எடுத்து ஒளித்து வைத்திருக்கலாம். தம்பி அதைத்தான் சொல்லியிருப்பான். ஆனால் சாவி காணாமல் போனால் அதை எடுத்த ஆள் ஒருத்தர் இருக்க வேண்டும். வீட்டில் இருப்பது மூன்று பேர். பேட்டரி செத்துப்போனால் யாரும் எதையும் செய்யவில்லை. வெயில் செய்தது, காலம் செய்தது. “உங்களால முடியாதுப்பா” என்று நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அந்த வாக்கியத்தைச் சொல்லத் துணிச்சல் இல்லாததால் அன்று ராத்திரி பதினொன்றரைக்கு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு 10 நம்பர் ஸ்பானரோடு பானெட்டுக்குள் குனிந்தேன். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அப்பாவின் பழைய கைலியில் கிழித்த துணியைச் சுற்றி ஓரமாகச் செருகினேன். ஐந்து நிமிட வேலை. யூடியூபில் பார்த்தது.

மறுநாள் காலையில் அவர் சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டது. சத்தம் என்றால் அந்தச் சின்ன க்ளிக் மட்டும்தான். லைட்டு இல்லை, டேஷ்போர்டில் ஒன்றும் இல்லை. நான் அடுப்படியில் நின்று தே ஓ கலக்கிக்கொண்டிருந்தேன், வேண்டிய நேரத்தைவிட அதிகமாக. உள்ளே வந்தவர், “பேட்டரி கோங் போல” என்றார். “மேனுவலா இருந்தா தள்ளியாச்சும் ஸ்டார்ட் பண்ணலாம்.” “வாங்கிக்கலாம்பா, மெதுவா” என்றேன்.

மெதுவாகத்தான் ஆகிவிட்டது. ஜூலை வந்தது. ஜூலை 26 செயிண்ட் ஆன் திருவிழா. அந்தப் பத்து நாள் புக்கிட் மெர்தாஜாம் வேறு ஊர். நாடு முழுதும் இருந்து வருவார்கள், சிங்கப்பூரிலிருந்தும் வருவார்கள். மெழுகுவத்தி ஏந்திப் போகிறவர்களில் எங்களைப் போலச் சாமி கும்பிடுகிற குடும்பங்களும் நிறைய. வருஷா வருஷம் தாமானில் இருக்கும் நாலைந்து பாட்டிகளைக் கஞ்சிலில் ஏற்றிக்கொண்டு போய் மாதா கோயில் வாசலில் இறக்கிவிடுவது அப்பாவின் வேலை. ஜாம் ஆவதற்கு முன்னால் எந்தச் சந்தில் நுழைய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இந்த வருஷம் பாட்டிகள் வந்து கேட்டார்கள். “காடி சரியில்லம்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். உடம்பு சரியில்லை என்று அவர் சொல்லவில்லை, காடி சரியில்லை என்றுதான் சொன்னார். நான் கொடுத்த பொய்யை அவரும் பயன்படுத்திக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

நவம்பர் கடைசியில் டாக்டர் மறுபடி பார்த்தார். கண், கை, கால், நினைவு எல்லாம் சோதித்தார்கள். பகலில், பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க, கிட்ட தூரம் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். அன்று ராத்திரி அதே டார்ச், அதே ஸ்பானர். கேபிளை மாட்டி நட்டை இறுக்கினேன். காலையில் அப்பாவுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது என்று எனக்குள்ளே ஒரு சந்தோஷம் வேறு. சாவியைத் திருப்பிப் பார்த்தேன்.

டிக். டிக். டிக்.

பொய் நிஜமாகிவிட்டது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 9.6 வோல்ட். நல்ல பேட்டரியில் ஆறு அறை, அறைக்கு 2.1, மொத்தம் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2க்கு வந்தாலே பாதி காலி. கேபிளைக் கழற்றி வைத்தால் பேட்டரி அப்படியே உறங்கும் என்று நான் நினைத்திருந்தேன். அது உறங்குவதில்லை. உள்ளே ஈயத் தகடும் கந்தக அமிலமும் யாரும் கேட்காமலேயே மெல்ல வேலை செய்துகொண்டிருக்கும். சார்ஜ் இறங்க இறங்கத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். விட்டுவிட்டால் படிகமாக இறுகும். பிறகு என்ன செய்தாலும் முழுதாகக் கரையாது. வெயில் இதை வேகப்படுத்தும். பத்து டிகிரி ஏறினால் வேகம் இரட்டிப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். குளிர் நாட்டில் பேட்டரி பனிக்காலத்தில் கைவிடும், ஆனால் அதைக் கொல்வது வெயில்தான். நம் ஊரில் இரண்டு வருஷம் தாண்டினாலே புண்ணியம். இதற்கு இரண்டரை வயது. அதிலும் பாசாருக்கும் வீட்டுக்குமாக ஓடி ஓடி ஒருநாளும் முழு சார்ஜ் பார்த்திராத பேட்டரி.

மறுநாள் என் எக்சியாவைப் பக்கத்தில் நிறுத்தி ஜம்பர் கேபிள் போட்டேன். பிடித்துக்கொண்டது. நானே தாமானை நாலு சுற்று சுற்றினேன். அடுத்த நாள் காலையில் மறுபடி டிக் டிக். இனி புதுசு வாங்குவதைத் தவிர வழியில்லை.

இந்த இடத்தில் நான் இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். கடைக்குப் போனால் அப்பாவும் வருவார், நூறு கேள்வி கேட்பார் என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். முப்பது வெள்ளி மலிவு வேறு. பேட்டரியின் மேலே எழுதியிருக்கும் எழுத்துகளைப் பெயர் என்று நினைத்தேன். அது ஜாதகம். கஞ்சிலுக்கு வேண்டியது என்எஸ்40இசட்எல். ஜப்பானியக் கணக்கில் பி20எல். இதில் 20 என்பது நீளம், சென்டிமீட்டரில். ‘எல்’ என்பது முனைகள் எந்தப் பக்கம் என்பது. இரண்டு முனையும் நம் வயிற்றுப் பக்கம் இருக்கும்படி வைத்துப் பார்த்தால் வலது கைப் பக்கம் பாசிட்டிவ். இதுவே ‘ஆர்’ என்றால் இடது வலது மாறிவிடும், கேபிள் எட்டாது. எட்டாதது நல்லது. எட்டினால்தான் ஆபத்து. எனக்கு வந்த பேட்டரியில் ‘எல்’ சரியாக இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு ‘எஸ்’ ஒட்டியிருந்தது. ஒரு எழுத்துதானே என்று விட்டுவிட்டேன். எஸ் என்றால் தடித்த முனை. கஞ்சிலுக்கு மெல்லிய முனை. நாலைந்து மில்லிமீட்டர் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா போர்ச்சில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொரியரில் வந்த பெட்டியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் காலத்து லோரிகளில் இரண்டு பெரிய பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் தூக்கும் பாரம். ஞாயிறுதோறும் மூடியைத் திறந்து ‘ஆயர் பேத்தரி’ ஊற்றி, ஹைட்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு அறையாகப் பார்ப்பார். சின்ன வயதில் ‘ஆயர்’ என்றால் மலாயில் தண்ணீர் என்று தெரிந்தாலும், அப்பா பேட்டரிக்குத் தண்ணி காட்டுகிறார், மாட்டுக்குக் காட்டுவது போல என்றுதான் நினைத்திருந்தேன். அமிலம் தெறித்து அவர் சட்டைகளில் குண்டூசி அளவில் ஓட்டைகள் இருக்கும். அம்மா அவற்றைத் தைக்கவே மாட்டார், தைத்தால் ஓட்டை பக்கத்தில் விழும்.

“சுடுதண்ணி கொண்டா” என்றார். பாசிட்டிவ் முனையைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கெட்டிலிலிருந்து மெதுவாக ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரைந்து ஓடும். பார்ப்பதற்கே ஒரு திருப்தி. பிறகு எழுந்து வந்து பானெட்டுக்குள் குனிந்தார். இடது கையை ஊன்றவில்லை, வலது கையால்தான் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார். பாசிட்டிவ் முனை பூத்துக் கிடக்கிறது. நெகட்டிவ் நட்டில் ஸ்பானர் பட்ட புதுக்கீறல் பளபளக்கிறது. விரலை விட்டுப் பேட்டரிக்கும் தகரத்துக்கும் நடுவிலிருந்து எதையோ இழுத்தார்.

கைலித் துணி. கேபிளை மறுபடி மாட்டிய ராத்திரி அது கீழே நழுவியிருக்கிறது. நான் மறந்தே போயிருந்தேன்.

அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கட்டம் போட்ட நீலக் கைலி, அவருக்குத் தெரியாதா? அதிலேயே கையைத் துடைத்துக்கொண்டார்.

“நெகட்டிவ்தான மொதல்ல கழட்டுன?”

“இப்பதானப்பா கழட்டப் போறேன்.”

“இப்ப இல்ல. அன்னைக்கு.”

அடுப்படி ஜன்னலில் அம்மாவின் நிழல் தெரிந்தது. மறுபடி மறைந்தது.

“ஆமாப்பா.”

“சரியாத்தான் கழட்டிருக்க. பாடி முழுக்க நெகட்டிவ். மொதல்ல பாசிட்டிவ்ல ஸ்பானர் வச்சி, அந்த ஸ்பானர் தகரத்துல பட்டுச்சுன்னு வையி, நெருப்பு பறக்கும். ராத்திரில வேற செஞ்சிருக்க.”

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்காதீர்கள். வாய் வரவில்லை. அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. “ம், கழட்டு. நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ், அப்புறம் பிராக்கெட்டு” என்று நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். கழற்றினேன். பத்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். சாய்க்காமல் தூக்கு, மார்போடு அணைக்காதே, சட்டை போயிரும் என்றார். எல்லாம் பழைய கட்டளைகள். தம்பிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவை. நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஸ்பானர் என் கைக்கு வந்ததே இல்லை. முதல் தடவை வந்தது திருட்டுத்தனமாக என்பது எனக்கு அப்போது உறைத்தது.

புதுசை உள்ளே வைத்துக் கிளாம்பை இறக்கினால் இறங்கவில்லை. திருகிப் பார்த்தேன். ஸ்குருடிரைவரைக் கொடுத்து அகட்டிப் பார்த்தேன். சுத்தியலை எடுக்கப் போனபோது அப்பா சத்தம் போட்டார்: “அடிக்காத! அடிச்சா உள்ள பிளேட்டு ஆடிரும்.” வாங்கிப் பார்த்து அந்த ‘எஸ்’ஸைக் கட்டைவிரலால் தடவினார். “மெல்லிசு முனையில பெரிய கிளாம்பு போட ஒரு ரிங்கு இருக்கு. இதுக்கு ஒண்ணும் இல்ல. செல பேரு கத்தியால சீவுவானுங்க. ஈயந்தான, சீவ வரும். அப்புறம் லூசாயி ரோட்டுல நிக்கும்.”

என் எக்சியாவில் இரண்டு பேட்டரியையும் ஏற்றிக்கொண்டு ஜாலான் குலிம் போனோம். அப்பா பல வருஷம் போய்வந்த சீனர் கடை. தவுக்கே அப்பாவின் இடது கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். பழைய பேட்டரியை டிரேட்-இன்னுக்கு எடுத்துக்கொண்டார். இந்த நாட்டுச் சட்டத்தில் செத்த பேட்டரிக்கு ஒரு தனி எண்ணே உண்டு, எஸ்டபிள்யூ 102, அட்டவணைக் கழிவு. குப்பையில் போடக் கூடாது. ஆனால் சட்டத்துக்காக யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை, உள்ளே இருக்கும் ஈயத்துக்குக் காசு இருக்கிறது என்பதால் கொடுக்கிறார்கள். அதனால்தான் பழைய பேப்பர் வேன்காரர்களும் மைக்கில் அதைச் சேர்த்துக் கூவுகிறார்கள். ஆன்லைன் பேட்டரியையும் குறைத்த விலைக்கு எடுத்துக்கொண்டார். மிச்சம் பிடித்த முப்பது வெள்ளி அங்கே போனது, அதற்குமேலும் போனது.

பச்சை நிறத்தில் ஒன்றைக் காட்டி “இந்தியா புஞ்ஞா, பாகுஸ்” என்றார். அமரான். திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடியில் தொழிற்சாலை வைத்திருக்கும் அமர ராஜாவின் பேட்டரி. நான் சொன்னதும் அப்பா, “பெருமாள் ஊரா? அப்ப மொட்ட அடிச்சிட்டுதான் உடுவான்” என்றார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் சொன்ன முதல் ஜோக் என்று நினைக்கிறேன். தவுக்கேயும் சிரித்தார், புரிந்ததோ என்னவோ. வாங்கும் முன் அப்பா தேதி முத்திரையைப் பார்க்கச் சொன்னார். அலமாரியிலேயே ஆறு மாதம் கிடந்த பேட்டரி புதுசு இல்லை. அது எனக்கு இப்போது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாட்டும்போது வரிசை திரும்பும். முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். பிராக்கெட்டை இறுக்கி, முனைகளில் கொஞ்சம் வாசலின் தடவினேன். 12.7 வோல்ட். சாவியை அப்பாவிடம் கொடுத்தேன். ஒரே திருப்பு. கஞ்சிலின் அந்த ஒட்டை எஞ்சின் சத்தம் இவ்வளவு பெரியது என்று மறந்தே போயிருந்தது. ஓடும்போது 14.1. ஆல்டர்னேட்டர் நன்றாகச் சார்ஜ் பண்ணுகிறது.

நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். தாமானை விட்டு வெளியே வந்து மாதா கோயில் வரைக்கும் போனோம், அங்கே சுற்றித் திரும்பினோம். மணிக்கு நாற்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். அப்பா கண்டுகொள்ளவில்லை. வளைவுகளில் என் கை தானாக ஹேண்ட் பிரேக் மேல் போனது. அவர் அதையும் பார்த்தார். ஒரே ஒரு இடத்தில், திரும்பி வரும்போது, ரோட்டோரத்தில் நிறுத்தியிருந்த மோட்டாருக்கு ரொம்பக் கிட்ட வந்துவிட்டோம். கண்ணாடி உரசவில்லை. ஒரு சாண் இருந்திருக்கும். இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. கேட்டுக்குள் நுழையும்போது மட்டும் நிறுத்தி இறங்கி, “நீ உள்ள உடு” என்றார்.

இப்போது ஞாயிறுதோறும் போகிறோம். மற்ற நாளில் அவர் சாவியைத் தொடுவதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை நானே பத்து இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வருகிறேன், சார்ஜ் இறங்காமல் இருக்க.

அடுத்த மாதம் ரோட் டெக்ஸ் முடிகிறது. ஆயிரம் சிசிக்குள் இருக்கும் காடிக்கு வருஷத்துக்கு இருபது வெள்ளிதான், ஆறு மாதத்துக்கும் எடுக்கலாம். நேற்று ராத்திரி அப்பா இன்சூரன்ஸ் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: “ஆறு மாசம் போடலாமா, ஒரு வருஷமாவே போட்டுருவோமா?”

காலையில் சொல்கிறேன் என்றேன். அவர் தாளை மடித்து என் கைப்பையில் வைத்தார்.